நான்காவது கேக்

இந்த மாதத்தில் இது நான்காவது கேக். ஊரில் வசதியானவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்த நாள் என்றால் கேக்கும் பிரியாணியுமாக எங்கள் அநாதை இல்லத்துக்கு வந்துவிடுகிறார்கள். எங்கள் பிள்ளைகள் ஜெபித்து, பாடி, கைதட்ட வேண்டும். இன்றும் வந்தவர்களின் குழந்தை ஊதுவதற்குள் பியூலா எட்டி ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டாள். அந்தக் குழந்தை அழுதது. அதன் அம்மா என்னை முறைத்தாள். பியூலாவைச் சமையலறைக்கு இழுத்துப்போனேன்.

“நாலு கேக்கையும் நீதான் ஊதியிருக்க. எத்தன தடவடி சொல்றது? அது அவங்க பொறந்த நாளு.”

“எனக்கும் இன்னைக்கா இருந்தா, சிஸ்டர்?”

“உனக்கு ஜூன் ஒண்ணு. ரெஜிஸ்டர்ல இருக்கு.”

“அது எங்க இருபத்திமூணு பேருக்குந்தான இருக்கு.”

தேதி தெரியாமல் வந்த பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிக்கூடம் திறக்கிற நாளை எழுதி வைத்தது நான்தான்.

வெளியே அந்த அம்மா மறுபடி ஏற்றுவதற்குத் தீப்பெட்டி கேட்டாள். எடுத்துக்கொண்டு போனேன். பியூலாவும் பின்னாலேயே வந்து மேஜையருகே நின்றாள்.

“வாய மூடிக்கிட்டு நில்லு” என்றேன்.

மூடிக்கொண்டாள். கன்னங்கள் இரண்டும் உப்பியிருந்தன.