கேள்விக்குறிக் கள்ளி

தேவசகாயம் மாடியில் குட்டிக் கள்ளிச்செடிகள் வளர்த்தார். ஒவ்வொரு தொட்டியிலும் செடியின் பெயர் எழுதிய லேபிள் இருந்தது. ஒன்றே ஒன்றில் மட்டும் கேள்விக்குறி போட்டிருந்தார். தினமும் காலையில் பூதக்கண்ணாடியோடு வந்து அதன் முன்னால்தான் உட்காருவார். முள்ளைப் பார்ப்பார், புத்தகத்தைப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். "பூத்தாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

"சீக்கிரமே பூக்கப்போறேன். பார்த்தா அசந்துபோயிடுவார்" என்றது கேள்விக்குறிக் கள்ளி.

"அவசரப்படாதே. எனக்கும் முதல்ல கேள்விக்குறிதான் இருந்துச்சு" என்றது பக்கத்துத் தொட்டிக் கள்ளி.

கேள்விக்குறிக் கள்ளி அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. சில நாளில் ரோஸ் நிறத்தில் பூத்தது. தேவசகாயம் பூவைப் போட்டோ எடுத்தார், புத்தகத்தைப் புரட்டிப் பெயரைக் கண்டுபிடித்தார், புது லேபிளில் எழுதித் தொட்டியில் குத்தினார். மறுநாள் அதைத் தாண்டிப் போய், புதிதாக வாங்கிவந்த ஒரு தொட்டியின் முன்னால் உட்கார்ந்தார்.

"பூ இன்னும் வாடக்கூட இல்லை. திரும்பியே பார்க்கலையே" என்றது கள்ளி.

"போன வாரம் நானும் மஞ்சளாப் பூத்திருந்தேன்" என்றது பக்கத்துக் கள்ளி. "நீ பார்த்தியா?"