சேராத படிகங்கள்

குழி காலியாக இருந்தது.

திரையில் புரதத்தின் உருவம் பளிச்சென்று நின்றது. ஆனால் அதன் நடுவிலிருந்த குழியில், மருந்து போய் உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில், ஈ காக்கா இல்லை.

மருந்துக்காரர் மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். அந்த மருந்தின் மூலக்கூறைக் கட்டியவர் அவர்தான். கட்டி முடிப்பதற்குள் தலைமுடி பாதி போய்விட்டது. நண்பகலில் நிறுவனத்தின் தேர்வுக் குழு கூடும். இரண்டு மூலக்கூறுகளில் ஒன்றைத்தான் அடுத்த கட்டத்துக்கு அனுப்புவார்கள். மற்றதற்கு மங்களம் பாடிவிடுவார்கள்.

போட்டியில் நின்ற இன்னொன்று, மூன்றாம் மாடியில் ஒரு சின்னப் பெண் செய்தது. அது குழியில் உட்கார்ந்திருப்பதை நேற்றே எல்லாரும் பார்த்தாயிற்று.

"அந்தப் பொண்ணுக்கு அதிர்ஷ்டம் கூரையைப் பிச்சுக்கிட்டுக் கொட்டுது மேடம். நேத்து முளைச்சது, நம்மள முழுங்கிடும் போலிருக்கு" என்றார். நிறுவனத்தின் வேறு கிளையிலிருந்து, மருந்தில் ஊறவைத்த புரதப் படிகங்களைச் சுமந்துகொண்டு அந்த வாரம்தான் வந்திறங்கியவர். புலம்புவதற்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

பக்கத்தில் கணினியை இயக்கிக்கொண்டிருந்த மேடம் 'ம்' என்றார். பார்வை திரையை விட்டு நகரவில்லை.

சல்லடை என்று மேடத்துக்குப் பட்டப்பெயர். எக்ஸ்ரே பட்டதும் ஒவ்வொரு படிகமும் சிதறவிடும் புள்ளிகள் எல்லாம் அவர் கைவழியாகத்தான் போக வேண்டும். ஒரு படிகம் பெரிது, ஒன்று பொடி. ஒன்று எக்ஸ்ரே பட்டுப் பட்டுப் பாதியிலேயே துவண்டிருக்கும். ஒன்றின் புள்ளிகள் கத்தும், இன்னொன்றின் புள்ளிகள் முனகும். எல்லாவற்றையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவந்து, பிறகு ஒன்றாகச் சேர்த்தால்தான் இந்த உருவமே கிடைக்கும். எவ்வளவு ஒத்துப்போயின என்பதைக் கூடவே வரும் எண்கள் சொல்லிவிடும்.

மற்றவர்கள் மென்பொருளைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவர், வரப்போகிற மருமகனைப் பார்க்கிற மாமியார் மாதிரி, ஒவ்வொரு படிகத்தையும் ஏற இறங்கப் பார்ப்பார்.

"விடுங்க மேடம். எண்ணெல்லாம் அழகாத்தான் வந்திருக்கு. மருந்துதான் ஒட்டல. என் தலையெழுத்து."

"அழகா வரணும்னு சேராததையெல்லாம் கழிச்சோமே சார். அதுங்களையும் ஒருதடவை பார்த்துடுவோம்."

கழிக்கச் சொன்னதே மருந்துக்காரர்தான். மற்றவற்றோடு ஒத்துப்போகாத ஒரு கைப்பிடிப் படிகங்கள். அவற்றைச் சேர்த்தால் எண்கள் அசிங்கமாகும், குழுவின் முன் மானம் போகும் என்று முந்தின நாள் ஒற்றைக்காலில் நின்றார். சல்லடை ஒதுக்கி வைத்தாரே தவிர, எறியவில்லை.

இப்போது அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்தார். ஓர் அளவின் மேல் அவர் விரல் நின்றது.

"இதுங்களுக்கு மட்டும் இடுப்பு நூலளவு சிறுத்திருக்கு பாருங்க. உள்ள என்னமோ போய் இழுத்துப் பிடிச்சிருக்கு சார். மத்ததெல்லாம் வாயையே திறக்கல."

எல்லாப் படிகங்களையும் ஒரே மருந்துக் கரைசலில்தான் ஊறவைத்திருந்தார்கள். குடித்தவை கொஞ்சம், குடிக்காதவை ஏராளம். குடிக்காதவை தங்களுக்குள் ஒற்றுமையாக இருந்துவிட்டதால், குடித்தவையெல்லாம் வேண்டாதவை ஆகிவிட்டன. மருந்துக்காரருக்குத் தன் தலையிலேயே நறுக்கென்று குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

சல்லடை அந்தக் கைப்பிடியை மட்டும் தனியாகச் சேர்த்து ஓடவிட்டார். கணினி முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

அப்பப்பா, என்ன மனுஷி இவர்! எண்கள் நன்றாக இருக்கின்றன, குழி காலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஏன் என்று கேட்க ஒரு ஆள் கிடையாது. பெற்றவனே கைகழுவிவிட்ட ஒன்றை இவர் விடமாட்டேன் என்கிறாரே என்று வியந்தார் மருந்துக்காரர்.

புதிய எண்கள் வந்தன. சுமார்தான்.

ஆனால் குழியில் ஆள் இருந்தது. இரண்டு வளையம், ஓரத்தில் ஒரு வால். அவர் கட்டியதேதான்.

சல்லடை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூணாம் மாடியோடதைவிட ஆழம். இறுக்கமும் ஜாஸ்தி" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, துடைக்க வேண்டியதற்கும் மேலாகவே துடைத்தார்.

படத்தைக் குழுவுக்கு அனுப்ப ஒரு தட்டுத்தான் பாக்கி. அவர் இன்னும் தட்டவில்லை.

அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு மூன்றாம் மாடிப் பெண் வந்தாள். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் சுட்டியை வாங்கி, உருவத்தை அப்படியும் இப்படியும் உருட்டினாள். மருந்துக்காரர் சண்டைக்குத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரொம்ப நல்லா உட்கார்ந்திருக்கு சார்" என்றாள். குரல் லேசாகக் கம்மியது.

பிறகு சல்லடையின் தோளில் கை வைத்தாள்.

"அனுப்பிடும்மா. அப்பாகிட்ட நீ ஒண்ணும் சொல்லாத, நானே சொல்லிக்கிறேன்."