எத்தனை சிரட்டைத் தண்ணீர்

மாங்கேணி சுனாமி முகாமில், நீலத் தார்ப்பாய்ப் படங்குக்குக் கீழே பாலர் வகுப்பு நடக்கிறது. வெயில் படங்கில் வடிந்து எல்லா முகங்களிலும் நீலமாக விழுகிறது. "வாளி நிரம்ப எத்தனை சிரட்டைத் தண்ணி வேணும்? எண்ணுங்க பாப்பம்" என்கிறாள் டீச்சர் யோகமலர். அவளுடைய ஐந்து வயது மகள் டிலக்சி எண்ணவில்லை. அம்மாவின் மடியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். போன மாதம் தாயைக் கடலுக்குக் கொடுத்த கோகுலனி அங்கே உட்கார்ந்து, தேங்காய்ச் சிரட்டையால் அள்ளி ஊற்றுகிறாள். "ஏழு!" என்று அம்மா அவளை உச்சி முகர்கிறாள். டிலக்சி எழுந்துபோய் வாளியை உதைக்கிறாள். "அது என்ட அம்மா!" தண்ணீர் பாயெல்லாம் ஓடுகிறது. கோகுலனி அழவில்லை. மெல்ல எழும்பி, "நீ இரி" என்று இடம் விடுகிறாள். டிலக்சி ஏறி உட்காருகிறாள். மடி இன்னும் சூடாக இருக்கிறது. அம்மாவின் கை அவளை அணைக்கிறது. கண் மட்டும் ஈரப் பாயில் நிற்கும் அந்தப் பிள்ளையிடமே இருக்கிறது.