சாயம் பிடிக்காத சிவப்பு

சாயப்பட்டறையின் கணக்கறையில் மாலை வெயில் மேசை வரை வந்து நிற்கிறது. கணினித் திரையில் தண்ணீர்ப் பட்டை மட்டும் சிவந்து கிடக்கிறது. பட்டறை குடிக்கும் தண்ணீரையும் துப்பும் கழிவையும் நிமிடத்துக்கு நிமிடம் கணக்கெழுதும் மென்பொருள் அது. அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் என்று சொன்ன துணிக் கம்பெனிக்காரர்கள் படியேறும் சத்தம் கேட்கிறது. "அம்மாடி, அந்தச் சிவப்பைப் பச்சையா மாத்திடு," என்கிறார் முதலாளி. கணக்குப் பார்க்கும் அவருடைய தம்பி மகள் விசைப்பலகையைத் தொடவே இல்லை. "மாத்த முடியாது பெரியப்பா." "எந்தக் கலரையும் எந்தக் கலராவும் மாத்திக் குடுக்கிறவன்கிட்ட வந்து முடியாதுங்கிறியே!" "இதுக்குச் சாயம் பிடிக்காது. மூணாம் தொட்டியில துணியே இல்ல, தண்ணி மட்டும் ஜாலியாக் குளிச்சிக்கிட்டு இருக்கு. அதை நிறுத்துங்க, தானா மாறும்." பெரியப்பா அவளை முறைக்கிறார், பிறகு திரையை முறைக்கிறார், இரண்டுமே அசைந்து கொடுக்கவில்லை. நீலம் ஏறிய நகங்களால் ஜன்னலைத் தள்ளித் திறந்து, இயந்திர இரைச்சலையே அடக்கும் குரலில் கத்துகிறார். "டேய், மூணாம் தொட்டியை மூடுங்கடா!" கீழே ஒரு மோட்டார் முனகி அடங்குகிறது. அவள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறாள். பட்டை மெல்ல இறங்கி, மஞ்சளாகி, பச்சையாகிறது. கதவு திறக்கிறது. பெரியப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு திரைப்பக்கம் கை காட்டுகிறார். "வாங்க, வாங்க. இந்தப் பச்சை நம்ம பட்டறையிலயே போட்டது."