ஈயத்தை ஈயத்தால்

கம்பி பாதி வழியில் நின்றுவிட்டது.

எங்கள் கோச் வீரணன் அண்ணன் அதை வெளியே இழுத்து, முனையிலிருந்த பித்தளை பிரஷைத் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் ரைபிளின் பின்பக்கமாக உள்ளே விட்டார். அதே இடத்தில் நின்றது.

"ஈயம். எம்புட்டு நாளாச்சோ பேரலைச் சுத்தம் பண்ணி, கல்லு மாதிரி கட்டிக் கிடக்கு."

அது படிந்துபோன ஈயம் இல்லை என்று எனக்குத் தெரியும். அது என் குண்டு.

பத்து நிமிடத்துக்கு முன்னால் நான் சுட்டபோது வெடிச் சத்தம் சரியாக வரவில்லை. யாரோ தொண்டைக்குள்ளேயே இருமிக்கொண்டது போல இருந்தது. பக்கத்தில் வரிசையாக மற்றவர்கள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லார் காதுகளும் மூடியிருந்தன. என் தோளுக்கு மட்டும்தான் அது தெரிந்தது.

அப்படி நடந்தால் துப்பாக்கியைத் தொடாமல் கையைத் தூக்க வேண்டும். முதல் நாள் சொல்லித் தருவதே அதைத்தான். தூக்காதவர்கள் ஒரு வருடம் கிளப் வாசலை மிதிக்கக் கூடாது.

நான் போல்ட்டைத் திறந்து, காலித் தோட்டாவைத் தட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல எழுந்து வந்துவிட்டேன்.

சென்னைக்குப் போகும் அணியில் ஒரே ஓர் இடம் மீதி. முத்துமீனாவும் நானும் சம புள்ளி. அதனால் ஆளுக்கு ஒரே ஒரு குண்டு, அதே ரைபிளில். அவள் முதலில் சுட்டாள், அடுத்து நான். குறி அட்டைகள் இன்னும் அந்தக் கோடியில், மண்மேட்டுக்கு முன்னால் வெயிலில் நின்றுகொண்டிருந்தன. என் அட்டையில் ஓட்டை இருக்காது. குறி தப்பிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"ஒரு ரவுண்டு விட்டா பிச்சுக்கிட்டுப் போயிரும்" என்றார் வீரணன் அண்ணன். "முள்ள முள்ளால எடுக்கிற மாதிரி, ஈயத்த ஈயத்தாலதான் எடுக்கணும். ஏன் ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீக?"

சாக்கு விரிப்பில் குப்புறப் படுத்தார். கண்ணாடியைக் கழற்றித் தரையில் வைத்தார். தோட்டாவைப் போட்டு போல்ட்டை மூடினார். கன்னத்தைக் கட்டையில் சாய்த்தார்.

ஒரு போட்டோ பார்த்திருக்கிறேன். குண்டு உள்ளே சிக்கியிருக்கும்போது மறுபடி சுட்டதில், உரித்த வாழைப்பழம் போல விரிந்துகிடந்த ஒரு பேரல். சுட்டவரின் முகத்தை யாரும் போட்டோ எடுத்திருக்கவில்லை.

சொல் ஐரின், சொல்.

சமயநல்லூர் பக்கம் ஒரு ரயில் போய்க்கொண்டிருந்தது. அது போய் முடியட்டும், சொல்லிவிடுகிறேன் என்று நினைத்தேன். ரயில் போய் முடிந்தது. நான் சொல்லவில்லை.

அவர் மூச்சை நிறுத்தினார். விரல் விசைக்குப் போனது.

"அண்ணே, சுடாதீக!"

கத்தியது முத்துமீனா.

அந்த இருமல் அவளுக்கும் கேட்டிருக்கிறது என்று நினைத்தேன். என்னைக் காட்டிக்கொடுக்கிறாள். ஒரு வருடம் போயிற்று. ஆனாலும் எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

வீரணன் அண்ணன் தோட்டாவை வெளியே எடுத்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கனமான பித்தளைக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்து, பின்பக்கமாக உள்ளே விட்டு, மரச்சுத்தியால் தட்டினார்.

ஐந்தாவது தட்டில் குழல் வாயிலிருந்து ஒன்று சாக்கில் விழுந்தது. சாம்பல் நிறம். மொச்சைக் கொட்டையை விடச் சின்னது.

"என்னுதுண்ணே" என்றேன். "கையத் தூக்கிருக்கணும். பயத்துல எந்திரிச்சு வந்துட்டேன்."

கம்பி இன்னும் முழுசாகப் போகவில்லை. மறுபடியும் தட்டினார்.

இன்னொன்று விழுந்தது.

நான் சுட்டது ஒரே ஒரு குண்டு. எனக்கு முன்னால் முத்துமீனா சுட்டதும் ஒன்றுதான். என் தோட்டா சரியாக வெடித்திருந்தால், இந்த பேரலும் அந்தப் போட்டோவில் இருந்ததைப் போல விரிந்திருக்கும்.

அவள் பக்கம் திரும்பினேன். அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அந்தச் சாக்கில் படுத்து, கட்டையில் கன்னத்தை வைத்து, மூச்சை அடக்கிக் குறி பார்த்து முடிக்க எப்படியும் ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிடமும் அவள் என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அப்போது அவள் கத்தவில்லை.