வாசலில் ஊற்றியது யார்?

“இன்னைக்கும் ஊத்திட்டுப் போயிட்டா, வந்து பாருங்க!”

மங்கையர்க்கரசி போட்ட சத்தத்தில் பிள்ளையார்பாளையத்துத் தெருவே திரும்பிப் பார்த்தது. கணவர் உமாபதி அப்போதுதான் தன் பிக்கப் வண்டியை வாசலிலிருந்து ஒரு வண்டி நீளம் முன்னால் நகர்த்தியிருந்தார். பின்னால், ஒரு தட்டு அகலத்துக்குச் சிவப்பாகத் தேங்கிக் கிடந்தது.

எதிர்வீட்டு அலமு தன் படியில் நின்றபடியே பதில் கொடுத்தாள். “நான் ஊத்தலை, ஊத்தலை, ஊத்தலை! எத்தினி தபா சொல்றது?”

யாரோ சுற்றிக் கழித்து ஊற்றிய ஆரத்தித் தண்ணீரை மிதிக்கக் கூடாது, தாண்டவும் கூடாது. அதனால் ஒன்பது நாளாக அந்த வீட்டில் எல்லோரும் சுவரை ஒட்டி, நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

உமாபதி வரச் சொல்லியிருந்த மெக்கானிக் ஜோசுவா பைக்கை நிறுத்தினார். “வண்டிக்கு இன்னாண்ணா?”

“கியரைப் போட்டு மிதிச்சா இன்ஜின் கத்துதுப்பா. வண்டி நின்னுக்கினே இருக்குது. அப்புறம் திடீர்னு ஒரு குதி குதிச்சிட்டு ஓடுது” என்றார் உமாபதி. தறியின் மிதியை மிதித்து மிதித்து அவருடைய இடது முட்டி போய்விட்டது. கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் வண்டிதான் வேண்டும் என்று தேடிப்பிடித்து வாங்கிய பழைய வண்டி அது.

“வண்டிக்கு ஒண்ணுமில்ல தம்பி. எல்லாம் இதோட வேலை” என்று மங்கை சிவப்பைக் காட்டினாள். “ஒன்பது நாளா ஊத்துறா. நாலாம் நாள்லேர்ந்து வண்டி மக்கர் பண்ணுது. தூர நின்னு ஒரு குடம் தண்ணி வீசிப் பார்த்தேன், கலையவே மாட்டேங்குது! மேல முத்து முத்தா உருளுது. எங்க போய் மந்திரிச்சிக்கினு வந்தாளோ!”

உமாபதியின் கவலை வேறு. வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய கல்யாணச் சேலை தறியில் பாதியில் நின்றது. கோர்வைச் சேலைக்கு உடலுக்கு ஒருவர், கரைக்கு ஒருவர் என்று இரண்டு பேர் உட்கார வேண்டும். மங்கைக்குப் பதினெட்டு வருஷமாகக் கரைப் பக்கம் உட்கார்ந்து நூல் நாடாவை ஓட்டிக் கொடுப்பது அலமுதான். சண்டை வந்த நாளிலிருந்து அவள் இந்த வீட்டுப் படி ஏறவில்லை.

ஜோசுவா அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தார். இன்ஜின் லாரி மாதிரி உறுமியது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன பால்காரர் அவர்களை முந்திப் போனார்.

திரும்பி வந்ததும் ஜோசுவா இன்ஜினை ஓடவிட்டபடியே, கியரை ஒவ்வொரு இடமாக நகர்த்தினார். பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். நுனியில் மட்டும் ஒரு பொட்டு ஈரம். முகர்ந்து பார்த்தார்.

“நல்ல வேளை, தீஞ்ச வாடை இல்ல. உள்ள பிளேட்டெல்லாம் தப்பிச்சுது. கியர் பாக்ஸ்ல ஆயிலே இல்லண்ணா, அப்புறம் எப்படிப் பிடிக்கும்? வழுக்கத்தான் செய்யும்.”

சொன்னவர் நேராகப் போய், வாசலில் கிடந்த சிவப்பில் விரலை வைத்தார்.

“அடப்பாவி, தொடாதே! புள்ளகுட்டிக்காரன் நீ!” என்று அலறினாள் மங்கை.

ஜோசுவா விரலைத் தேய்த்துப் பார்த்துச் சிரித்தார். வண்டிக்கு அடியில் படுத்து, ஆயில் தட்டைக் கழற்றி, அதன் விளிம்பில் மக்கிப்போன பேக்கிங்கை எடுத்துவிட்டுப் புதுசு போட்டு இறுக்கினார். அப்புறம் ஒரு டப்பாவைத் திறந்து, புனல் வைத்து ஊற்ற ஆரம்பித்தார்.

எட்டிப் பார்த்த மங்கைக்கு மயக்கமே வந்துவிட்டது. “ஐயையோ! நீயும் அதையே ஊத்துறியே!”

“அக்கா, இது இந்த கியருக்குன்னே வர்ற ஆயில். கலரே செவப்புதான். ஒன்பது நாளா உங்க வாசல்ல ஊத்தினது உங்க வண்டிதான்.”

தெரு சிரித்தது. மங்கைக்கு அழுகை வந்தது. பதினெட்டு வருஷம் கூடவே உட்கார்ந்தவளை நடுத்தெருவில் வைத்துச் சூனியக்காரி என்று சொல்லியிருந்தாள். எதிர்வீட்டுப் படியில் போய் நின்றாள்.

“அலமுக்கா, தப்புதான்க்கா. என் வாய் மேலயே போடு.”

அலமு கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலையில், ஒழுகல் நின்றதா என்று பார்க்க ஜோசுவா வந்தார். வண்டிக்கு முன்னால் அதே சிவப்பு.

“போச்சு! பேக்கிங் விட்டுடுச்சா?” என்று அடியில் நுழைந்தார். கையை விட்டுத் தடவிப் பார்த்தார். எங்குமே ஈரமில்லை. “வண்டி ஒழுகலியேக்கா!”

மங்கையின் முகம் செத்துவிட்டது. வண்டி ஒழுகவில்லை என்றால், நேற்று சாத்திய கதவுக்கு இதுதான் அர்த்தமா? இனி அலமு வரப்போவதில்லை, வெள்ளிக்கிழமைச் சேலையும் அவ்வளவுதான்.

“அங்க படுத்துக்கினு இன்னாப்பா தேடுற?”

குரல் கேட்டுத் திரும்பினார்கள். குளித்த தலையும் கையில் காலிப் பித்தளைத் தட்டுமாக அலமு தெருவைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். “ரிப்பேரான வண்டி நல்லாயிடுச்சே, ஊர்க்கண்ணு பட்டுடப் போவுதேன்னு சுத்திப் போட்டேன்” என்றபடி தட்டை மங்கையின் கையில் திணித்தாள். படியேறி, நேராகத் தறியைப் பார்த்து நடந்தாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

“இன்னைக்குத்தான்டி நான் ஊத்தினேன்!”