சொத்தைச் சக்கரம்

“அம்மா, அப்பா வர்றதுக்குள்ள நான் வீட்டை விட்டு ஓடிப்போறதா, இல்ல நீயே துரத்தி விடறியா?”

கிளினிக்கில் மின்சாரம் போனதால் அன்று சீக்கிரமே வீடு திரும்பியிருந்த பல் மருத்துவர், வாசலில் நின்ற மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

“முழுங்காதே. வாயைத் திற. என்ன ஆச்சு?”

நோயாளிகளிடம் பேசும் அதே குரல். மகள் காரைச் சுட்டிக்காட்டினாள். முன்புற இடது சக்கரத்தின் வெள்ளி விளிம்பில் நீளமாக ஓர் உரசல். பூச்சு பெயர்ந்து, உலோகம் பல்லை இளித்தது.

“ஓட்டிப் பழகலாம்னு எடுத்துட்டுப் போனேன். எந்த நடைபாதையில உரசினேன்னே தெரியலம்மா. அப்பா ஒரு வாரமா இந்தப் பக்கத்தைச் சுவரோட ஒட்டி என்ன அழகா நிறுத்தியிருந்தார்! நான் திருப்பி நிறுத்திட்டு இறங்கிப் பார்த்தா, இப்படி!”

தந்தையின் சட்டம் வீடறிந்தது: சக்கரத்தை உரசுகிறவர் சாவியைத் தொடக் கூடாது. திங்கட்கிழமை முதல் புது வேலைக்குக் காரிலேயே போகலாம் என்று அவர் மகளுக்குக் கொடுத்திருந்த வாக்கு, இப்போது அந்த விளிம்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

“கடைக்கு எடுத்துட்டுப் போயிடலாம்மா. இதுக்குன்னே ஆள் இருக்காங்க.”

“விட்டா நாளைக்குத்தான் தருவாங்க. அப்பா சாயங்காலமே வந்து நிப்பார். போய் உப்புத்தாள், பள்ளம் அடைக்கிற பட்டி, வெள்ளி ஸ்ப்ரே வாங்கிட்டு வா.”

“உனக்கு இதெல்லாம் தெரியுமா?”

“சொத்தையைச் சுரண்டணும், அடைக்கணும், மெருகு போடணும். தினமும் வேற என்னடி பண்றேன்? இது கையைக் கடிக்காது, அது ஒண்ணுதான் வித்தியாசம்.”

சக்கரத்தைச் சோப்பு நீரில் கழுவித் துடைத்தார். உப்புத்தாளை விரல் நுனியில் மடித்துப் பிசிறுகளை மட்டும் தேய்த்தார். அருகிலிருந்த நல்ல பூச்சின்மீது ஒரு கீறலும் விழவில்லை. பள்ளத்தில் பட்டியை அடைத்தபின், அது உலரும்வரை மகளை அருகில் வரவும் விடவில்லை. பிறகு மறுபடி தேய்த்துச் சமமாக்கி, பழைய வாழ்த்து அட்டைகளை டயருக்கும் விளிம்புக்கும் நடுவே வரிசையாகச் செருகி, வெள்ளிப் பூச்சை மூச்சுக்காற்றுப்போல் மெல்லப் படியவிட்டார்.

அட்டைகளை உருவியதும் மகள் வாயைப் பிளந்தாள்.

“எது பழசு, எது புதுசுன்னே தெரியலியேம்மா! உன்கிட்ட பல்லைக் காட்ட ஊரே ஏன் வரிசையில நிக்குதுன்னு இப்பத்தான் புரியுது.”

“ஐஸ் வைக்காதே. அட்டையெல்லாம் பொறுக்கி வை.”

கேட் திறந்தது. உள்ளே வந்த தந்தை, மனைவியைக் கண்டதும் அப்படியே நின்றார்.

“நீ... கிளினிக் போகலையா?”

“கரண்ட் இல்ல. வந்துட்டேன்.”

அவர் பார்வை காருக்குத் தாவியது. “இதை யாரு திருப்பி நிறுத்தினது?”

மகள் பொறுக்கிய அட்டைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அவரோ சக்கரத்தின் முன் குந்தி விளிம்பைத் தடவினார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மீண்டும் தடவினார். எழுந்து போய் வலது சக்கரத்தையும் பார்த்துவிட்டு வந்தார்.

அப்போது கருவிப்பெட்டியுடன் ஒருவர் வேர்க்க விறுவிறுக்க உள்ளே நுழைந்தார்.

“சார், உங்க பின்னாலயேதான் வந்தேன், சிக்னல்ல மாட்டிக்கிட்டேன். இதானே அந்தச் சக்கரம்?” என்று குனிந்தவர், நிமிரவே இல்லை. “அடேயப்பா! யாரு சார் இதைப் பண்ணினது? இந்தச் சுத்தம் எங்க கடையிலயே வராது. அப்புறம் என்னை எதுக்கு வரச் சொன்னீங்க? போன வாரம் நீங்க உரசினதை, டாக்டரம்மா வீட்டுக்கு வர்றதுக்குள்ள ரகசியமா சரிபண்ணணும்னு அவ்வளவு கெஞ்சினீங்களே?”

மகள் கார் சாவியை மெதுவாகத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பல் மருத்துவர் வெள்ளிப் பூச்சு படிந்த கைகளைத் துடைத்தபடி கணவரை நெருங்கினார்.

“முழுங்காதீங்க. வாயைத் திறங்க.”